நாலு வருஷம் லேட்டா வந்த சேலத்து இரும்பு... டாக்குமென்டரிகள் தவறவிடும் ஹீத் கதை!

கொல்லிமலைக்கு பைக்ல போயிருக்கீங்களா? 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு நம்பர் போர்டு, அது பக்கத்துல ஒரு செல்ஃபி. மேலே போனா அறப்பளீஸ்வரர் கோயில், அங்கிருந்து படியிறங்கினா ஆகாய கங்கை அருவி. பெரும்பாலான ட்ரிப் இத்தோடு முடிஞ்சிடும்.

அடுத்த தடவை போகும்போது காலுக்குக் கீழே கிடக்கிற பாறையையும் கொஞ்சம் பாருங்க. கறுப்பும் வெளுப்புமா வரி வரியா இருக்கிற கல் கண்ணில் பட்டா, ஒரு சின்ன காந்தத்தை அதன்மேல் வெச்சுப் பாருங்க. கறுப்பு வரி காந்தத்தை இழுக்கும். அது மேக்னடைட் என்கிற இரும்புத் தாது. வெள்ளை வரி குவார்ட்ஸ். சேலம், நாமக்கல் பக்கத்து மலைகளில் இந்தக் கல் பட்டை பட்டையாக ஓடுகிறது. சேலத்தை ஒட்டிய கஞ்சமலை, கோதுமலை, அரூர் பக்கத்து தீர்த்தமலை, நம்ம கொல்லிமலை என இந்தத் தாதுப் படுகைகளை எல்லாம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கிங், ஃபூட் என்ற இருவர் 1864-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். பல்லாவரத்தில் 1863-ல் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான்.

அவர்கள் வருவதற்கு ரொம்ப முன்னாடியே, இந்தக் கல்லை நம்பி வேலையையும் பணத்தையும் விட்ட ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத். உலோகவியல் வரலாறு படிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். உங்க போனில் வரும் ஏதாவது ஒரு 'சேலத்து இரும்பு' வீடியோவிலும் இவர் எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனா அந்த வீடியோக்களில் அடிக்கடி வருகிற ஒரு வரியில்தான் சிக்கலே இருக்கு.

அந்த ஒரு வரி

பிரிட்டனில் வேல்ஸ் பக்கம் மெனாய் என்று ஒரு கடல் இடுக்கு. அதன்மேல் இரண்டு புகழ்பெற்ற பாலங்கள். ஒன்று மெனாய் தொங்கு பாலம், இன்னொன்று பிரிட்டானியா பாலம். சேலத்துத் தாதை உருக்கி, பரங்கிப்பேட்டையில் ஹீத் செய்த எஃகில்தான் இந்த இரண்டு பாலங்களையும் கட்டினார்கள் என்று சொல்வார்கள். பின்னணியில் இசை உயரும். டிரோன் பறக்கும். நமக்குப் புல்லரிக்கும். ஷேர் பட்டனை அழுத்திடுவோம்.

இப்போ அதே போனில் இரண்டு வருஷங்களை மட்டும் தேடுங்க. மெனாய் தொங்கு பாலம் திறக்கப்பட்டது 1826 ஜனவரியில். பரங்கிப்பேட்டை ஆலை தொடங்கியது 1830-ல். பாலம் நின்று நாலு வருஷம் கழிச்சுத்தான் ஆலைக்கே அடிக்கல்! அந்தப் பாலத்தின் இரும்புச் சங்கிலிகள் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் செய்யப்பட்டவை. பிற்பாடு பழுது பார்க்கும்போது போட்டிருக்கலாமே என்று நீங்க கேட்கலாம். நல்ல கேள்வி. பாலத்தின் தளத்தை எஃகுக்கு மாற்றியது 1893-ல். சங்கிலிகளை மாற்றியது 1938-க்குப் பிறகு. அதற்குள் பரங்கிப்பேட்டை ஆலை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது.

பிரிட்டானியா பாலம் கட்டப்பட்டது 1846 முதல் 1850 வரை. இங்கே வருஷம் ஒத்துப்போகுது. பரங்கிப்பேட்டை இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனதும் உண்மை. ஆனா அந்தப் பாலத்தின் பெரிய பெரிய குழாய்கள் எஃகு அல்ல, தேனிரும்பு என்று பள்ளியில் படித்தோமே, அந்த வகைத் தகடுகள். அதனால் எஃகில் கட்டிய பாலம் என்ற பேச்சே அங்கே நிற்காது. அங்கே போயிருக்க வாய்ப்பு உண்டு என்பதும், பாலமே நம்ம இரும்பில்தான் நிற்குது என்பதும் ஒண்ணு இல்லையே?

இதுல ஹீத்துக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? இருக்கு. இந்தப் பொய்யான பெருமையை ஒட்டவைத்ததால், அவர் நிஜமாகச் செய்த பெரிய வேலை மறைஞ்சுபோச்சு. அதை இப்போ பார்ப்போம்.

துணி வாங்க வந்தவர் இரும்பில் விழுந்தார்

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண ஊழியர். சேலத்தில் வணிக ரெசிடென்ட் வேலை. கம்பெனிக்காக நெசவாளர்களிடம் துணி வாங்கி அனுப்புவதுதான் அந்தப் பதவியின் முக்கியப் பணி. பறவை, விலங்குகளிலும் ஆர்வம். சேகரித்தவற்றை லண்டன் விலங்கியல் சங்கத்துக்கு அனுப்பினார். நம்ம ஊர்களில் சாயங்காலம் பறக்கும் ஒரு மஞ்சள் வௌவால் இனத்துக்கு 1831-ல் வைத்த அறிவியல் பெயர் ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தி. அதில் இருக்கிற ஹீத் இவர்தான்.

சேலத்தில் இருந்தபோது அவர் கண்ணில் பட்டது கொல்லர்களின் உலை. மூன்றிலிருந்து ஐந்தடி உயர மண் உலை. ஆட்டுத்தோல் துருத்தி, மூங்கில் குழல். தாதுக்கல்லை இடித்து, புடைத்து, குவார்ட்ஸை நீக்கி, கரியோடு அடுக்கி மூன்று நாலு மணி நேரம் ஊதினால் அடியில் ஒரு இரும்புக் கட்டி கிடைக்கும்.

எஃகு செய்யும் முறை அதைவிட ஆச்சரியம். அந்த இரும்பைச் சின்னத் துண்டுகளாக்கி, மண் மூசையில் போடுவார்கள். மூசை என்றால் நகைப் பட்டறையில் தங்கம் உருக்குகிற குடுவை மாதிரி. அதோடு ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே எருக்கு இலை போன்ற பச்சை இலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதினால் எஃகு ரெடி! குச்சியிலும் இலையிலும் இருக்கிற கார்பன் இரும்பில் ஏறி அதை எஃகாக மாற்றுகிறது.

அதே வேலைக்கு அன்றைய ஷெஃபீல்டு நகரத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் இரும்புப் பட்டைகளைக் கரிக்குள் புதைத்து நாள்கணக்கில் சூடேற்றணும். அப்புறம் அதை உடைத்து மூசையில் உருக்கணும். இரண்டு வேலையையும் சேலத்துக் கொல்லர் ஒரே மூச்சில் முடித்தார். இந்த வேகத்தைக் கவனித்து, வேதியியல் ரீதியாக ஏன் என்று யோசித்து, எழுத்தில் பதிவு செய்தவர் ஹீத். இன்றைக்கு அந்தக் கொல்லர்களின் முறையை நாம் விரிவாகப் பேச முடிகிறது என்றால் அவருடைய பதிவும் ஒரு காரணம். ஆனா அந்தப் பதிவில் எந்தக் கொல்லருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

கல் இருந்தது, கரி தீர்ந்தது

1820-களின் நடுவில் கம்பெனி வேலையை விட்டு, இங்கிலாந்து போய் இரும்புத் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார் ஹீத். கம்பெனி அரசிடமிருந்து சலுகையும் கடனும் கிடைத்தன. 1830-ல் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஐரோப்பிய பாணி ஊதுலையோடு ஆலை எழுந்தது. போர்ச்சுகீசியர் வைத்த பெயரில் போர்ட்டோ நோவோ ஆலை. 1781-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய அதே ஊர். கேரளக் கடற்கரையில் பேப்பூரிலும் பிறகு ஒரு ஆலை வந்தது.

மேப்பைத் திறந்து சேலத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்கு ஒரு நேர்க்கோடு போட்டுப் பாருங்க. சுமார் 170 கிலோமீட்டர். ரயில் வராத காலம். தாது அவ்வளவு தூரம் வரணும். அதைவிடப் பெரிய தலைவலி கரி. இங்கே நிலக்கரி கையில் இல்லை. எல்லாமே மரக்கரி. ஒரு டன் கரி சுட பல டன் மரம் வெட்டணும். ஆலை ஓட ஓட பக்கத்துக் காடு குறையும். காடு தள்ளிப்போகப் போக கரியின் விலை ஏறும். தாது மலையளவு கிடந்தும் கணக்கு கட்டுப்படியாகவில்லை.

இரும்பின் தரத்தில் குறை இல்லை. பரங்கிப்பேட்டை இரும்பு ஷெஃபீல்டுக்குப் போய் எஃகாக மாறியது. கடன்தான் ஏறிக்கொண்டே போனது. நிர்வாகம் கைமாறியது. 1853-ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதுப் பெயரில் இன்னொரு முயற்சி நடந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1870-கள் முடிவதற்குள் அந்த முழுக் கனவும் மூட்டை கட்டப்பட்டது.

இதைச் சொல்லும்போது சில வீடியோக்கள் பிரிட்டிஷ் சதி என்ற ஒரே வார்த்தையில் முடிச்சிடும். சிலது ஹீத்தின் தோல்வி என்று முடிச்சிடும். வெட்டப்பட்ட காடும் கரிக் கணக்கும் இரண்டிலுமே வராது. பாவம், டிரோன் ஷாட்டில் பாலம் அழகா விழும், கரி மூட்டை விழாது.

ஒரு வார்த்தையில் போன சொத்து

இனிதான் ஹீத்தின் பெரிய வேலை. இங்கிலாந்து திரும்பியவர் 1839-ல் ஒரு காப்புரிமை எடுத்தார். எஃகு உருக்கும் மூசையில் மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த கலவையைக் கொஞ்சம் போட்டால், எஃகு பற்றவைக்க ஏற்றதாகவும் உறுதியாகவும் வரும் என்பது அதன் சாரம். அதுவரை நல்ல எஃகுக்கு ஷெஃபீல்டுக்காரர்கள் விலை அதிகமான ஸ்வீடன் இரும்பை நம்பி இருந்தார்கள். இப்போ சுமாரான உள்ளூர் இரும்பே போதும் என்றாச்சு. நல்ல எஃகின் விலை கணிசமாக இறங்கியது. அந்த நகரமே பணம் பார்த்தது.

ஹீத் பார்த்தாரா? இல்லை. காப்புரிமையில் அவர் எழுதியது, மாங்கனீசையும் கார்பனையும் முன்கூட்டியே சேர்த்துச் செய்த பொருளைப் பற்றி மட்டும். பிறகு இன்னும் மலிவான வழி அவருக்குத் தெரிந்தது. மாங்கனீசு ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாக மூசையில் போட்டாலே போதும், சூட்டில் அந்தக் கலவை தானாக உருவாகிவிடும். ரெண்டும் ஒண்ணுதானே என்று நம்பி அந்த வழியையும் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு முகவராக இருந்த அன்வின் என்பவர் அதையே பிடித்துக்கொண்டார். காப்புரிமையில் இருப்பது வேறு பொருள், நான் போடுவது வேறு பொருள் என்று சொல்லி, பணம் தராமலே அந்த முறையைப் பயன்படுத்தினார். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. நீதிமன்றம் மாறி நீதிமன்றம். மூசைக்குள் என்ன நடக்கிறது என்று வேதியியல் நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். 1851-ல் தீர்ப்பு முடியாமலே ஹீத் இறந்துபோனார். அவர் மனைவி வழக்கைத் தொடர்ந்தார். 1855-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பு சொன்னது. ஹீத் தரப்புக்குத் தோல்வி. காகிதத்தில் இல்லாத ஒரு வார்த்தையால், ஒரு நகரத்தையே பணக்கார நகரமாக்கியவருக்குக் கைக்கு எதுவும் வரவில்லை.

அடுத்த வருஷம், 1856-ல், பெஸ்ஸமர் தன்னுடைய புகழ்பெற்ற எஃகு முறையை அறிவித்தார். தீப்பொறி பறக்கும் அந்தப் பெரிய உருளைக் கொப்பரையைத் தொழில்புரட்சி பற்றிய எந்த டாக்குமென்டரியிலும் பார்க்கலாம். ஆனா ஆரம்பத்தில் பலர் அந்த முறையில் செய்த எஃகு சூட்டில் நொறுங்கியது. ராபர்ட் மஷெட் என்பவர் மாங்கனீசு கலந்த இரும்பைச் சேர்த்துத்தான் அதைச் சரிசெய்தார். மாங்கனீசு மறுபடியும்! எஃகில் அதன் மதிப்பைச் சந்தையில் நிரூபித்துக் காட்டியவர்களில் முன்னவர் சேலத்து ஹீத். பெரும்பாலான படங்களில் பெஸ்ஸமர் மட்டும்தான் ஹீரோ. மஷெட் ஒரு வரி. ஹீத்துக்கு அதுவும் இல்லை.

ஹீத்தும் தப்பா சொன்னார்

ஹீரோ என்றதும் அவர் சொன்னதெல்லாம் சரி என்று எடுத்துக்காதீங்க. எகிப்தின் கல் தூண்களில் சித்திர எழுத்துகளைச் செதுக்கிய உளிகள் இந்திய எஃகில் செய்தவையாகத்தான் இருக்கணும் என்று ஹீத் ஒரு ஊகத்தை எழுதி வைத்தார். அன்றைக்கு அது நியாயமான யோசனையாகத் தெரிந்திருக்கலாம். பிறகு நடந்த அகழாய்வுகளில் செப்புக் கருவிகளும், கடினமான கல் சம்மட்டிகளும், மணலை வைத்துத் தேய்க்கும் முறையும் தெரியவந்தன. ஊகம் அத்தோடு முடிந்திருக்கணும். ஆனா இன்னமும் அது ஆராய்ச்சி முடிவு மாதிரி வலம் வருது. ஒரு பெரிய மனிதர் சொன்னார் என்பதே ஆதாரமாகிடுது.

மைக்கேல் ஃபாரடேவும் இதில் சிக்கினார். இந்திய எஃகை 1819-ல் பகுத்துப் பார்த்தவர், அதன் சிறப்புக்கு அலுமினா, சிலிக்கா காரணமாக இருக்கலாம் என்று நினைத்தார். அது சரியில்லை. அதிகமான கார்பன் அளவும், நுண்ணிய கலப்புத் தனிமங்களும்தான் முக்கியம் என்று பிற்பாடு தெரிந்தது. அறிவியலில் தப்பு நடப்பது சகஜம். திருத்தினதைச் சொல்லாம பழசையே சொல்றதுதான் பிரச்னை.

இன்னொரு உதாரணம் பாருங்க. காற்றில் பறக்கும் பட்டுத்துணியைச் சுல்தான் சலாதீன் வாளால் ரெண்டாக வெட்ட, எதிரில் மன்னர் ரிச்சர்டு மலைத்து நிற்கும் காட்சி. டமாஸ்கஸ் வாள் பற்றிய படங்களில் சர்வசாதாரணமாக வரும். அந்த இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. காட்சி வந்தது வால்டர் ஸ்காட் 1825-ல் எழுதிய நாவலிலிருந்து. அதேபோல 2006-ல் ஜெர்மனியில் ஒரு பழைய வாளில் கார்பன் நானோ குழாய்கள் தெரிந்ததாக ஆய்வு வெளிவந்தது. அது 17-ஆம் நூற்றாண்டு வாள். ஆனா நம்ம முன்னோர்களுக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும் என்று அது வளர்ந்துடுச்சு. எஃகுக்குள் ஒன்று உருவாவது வேறு, அது என்னவென்று தெரிந்து உருவாக்குவது வேறு. இட்லி மாவு புளிக்க வைக்கிற எல்லாருக்கும் நுண்ணுயிரியல் தெரியுமா என்ன?

அடுத்த வீடியோவுக்கு முன்னாடி

சரி, நீங்க என்ன பண்ணலாம்? பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். ஹீத்தின் கதையே மூணு சோதனையைக் கற்றுத் தருது.

முதல்ல, வருஷத்தை ஒட்டிப் பாருங்க. பொருள் பிறந்த வருஷம் ஒன்று, அதைப் பயன்படுத்தியதாகச் சொல்லும் வருஷம் ஒன்று. மெனாய் பாலக் கதை இந்த ஒரே கேள்வியில் விழுந்தது.

அடுத்து, படத்தைப் பாருங்க. டாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்குத் தெரிந்ததே 1839-ல். அப்போ 1830-ல் பரங்கிப்பேட்டை ஆலை திறந்த நாளின் போட்டோ என்று எதையாவது காட்டினா, அது வேறு ஆலை, இல்லேன்னா ஏஐ. 1830-ஐப் பற்றிப் பேசிக்கொண்டே பெஸ்ஸமர் கொப்பரையைக் காட்டினாலும் அதே சந்தேகம் வரணும்.

மூணாவது, வார்த்தையைப் பாருங்க. இரும்பா, எஃகா? ஊகமா, முடிவா? உள்ளூரிலேயே சோதித்துப் பார்க்கலாம். கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை இருப்பதால், மலைத் தாதை வெட்டி எடுத்துத்தான் ஆலை ஓடுது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1980-களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டும் ஆலையாகத் தொடங்கியது. பக்கத்தில் இருப்பதெல்லாம் தொடர்பு ஆகிடாது.

இப்படிக் கேட்டா நம்ம பெருமை குறைஞ்சிடுமோ என்று பயப்படாதீங்க. பாலத்தைக் கழித்துவிட்டுப் பாருங்க, மிச்சம் என்ன இருக்கு? ஈரோடு மாவட்டம் கொடுமணலில் சங்க காலத்து உலைகளும் மூசைகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஆவாரங்குச்சியும் எருக்கு இலையும் வைத்து இரண்டரை மணி நேரத்தில் எஃகு எடுத்த கொல்லர்கள் இருக்கிறார்கள். அந்த எஃகின் இந்தியப் பெயர் உருமாறி ஊட்ஸ் என்று ஐரோப்பிய ஆய்வகங்களில் 1790-களிலேயே ஒலித்தது. இதற்கெல்லாம் கல்லும் மண்ணும் காகிதமும் சாட்சி. வேல்ஸ் நாட்டுப் பாலம் நமக்கு எதுக்கு?

தன் வார்த்தை ஒன்று சரியாக இல்லாததால் ஹீத் எல்லாவற்றையும் இழந்தார். அவரைப் பற்றி நாம் சொல்லும் வார்த்தையாவது சரியாக இருக்கட்டுமே. கொல்லிமலைக்குக் கிளம்பும்போது பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கோங்க. எழுபதாவது வளைவு தாண்டி, கறுப்பு வரிக் கல்லில் அது ஒட்டுதான்னு நீங்களே பார்த்துட்டு, அப்புறம் ஸ்டேட்டஸ் போடுங்க!